பெரிய எண் ஒன்றுக்குப் பண்பேடு தயாரிப்பது எப்படி? பினாங்குப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

படிவம் ஒன்றில் (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில்) படிக்கும் என் மகளுக்குச் சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் பள்ளியில் ஒரு பணி கொடுத்தார்கள். எட்டு இலக்கங்களுக்குக் குறையாத முழு எண் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் காரணிகள் முதல் வர்க்கங்கள் வரை கண்டறியக்கூடிய பண்புகளை எல்லாம் செய்முறையோடு ஒரு கோப்பிலும், சுருக்கத்தை ஒரு சுவர்த்தாளிலும் எழுதித் தர வேண்டும். இந்தத் தொகுப்பைத்தான் பண்பேடு என்கிறேன். பட்டர்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று இரவுகளும் ஒரு சனிக்கிழமையும் இதற்கே போயின. அப்படியும் முதல் கோப்பு, "கடைசிக் காரணி பகா எண் என்று எப்படித் தெரியும்?" என்ற ஒற்றைக் கேள்வியோடு திரும்பி வந்தது. இரண்டாம் முறை சரியான வரிசையில் செய்தபோது மொத்தமாக நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். நாங்கள் எடுத்த எண்ணையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண் வேறாக இருந்தாலும் படிகள் மாறா.

1. எண்ணை ஒரே வடிவில் உறுதி செய்யுங்கள்

நாங்கள் எடுத்தது மெர்டேக்கா நாள், அதாவது நம் சுதந்திர நாள். 1957 ஆகஸ்டு 31 என்பதை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் 19 570 831 கிடைக்கும். இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. இந்நாட்டில் நாம் நாளை முன்னால் எழுதிப் பழகியவர்கள் என்பதால், மகள் தன் குறிப்பேட்டின் நான்காம் பக்கத்திலிருந்து தன்னை அறியாமலேயே 31 081 957 என்று எழுதத் தொடங்கிவிட்டாள். இவை இரண்டும் ஒரே நாளைக் குறித்தாலும் எண்களாக ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை: முதல் எண் 7-ஆல் மீதியின்றி வகுபடும், இரண்டாவதை 7-ஆல் வகுத்தால் மீதி 4 வரும். ஓர் இரவு வேலை இதனால் வீணாயிற்று. ஆகவே எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்.

எழுத்தால் எழுதும்போதும் கவனம் தேவை. இங்குள்ள பள்ளிகளில் மூன்று மூன்று இலக்கங்களாக இடைவெளி விட்டுப் பிரித்து, பத்தொன்பது மில்லியன் ஐந்நூற்று எழுபதாயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று என்று எழுதுவதே வழக்கம். தமிழ்நாட்டு நூல்களையும் காணொளிகளையும் பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் 1,95,70,831 என்று காற்புள்ளி இட்டு, ஒரு கோடியே தொண்ணூற்றைந்து லட்சம் என்று தொடங்கிவிடுவார்கள். அது தவறில்லை என்றாலும், ஒரே கோப்பில் இரண்டு முறைகளும் கலந்தால் திருத்துபவருக்கு எண் மாறிவிட்டதோ என்ற ஐயம் வரும்.

2. தாள்களையும் செலவையும் முன்கூட்டியே பிரித்து வையுங்கள்

மூன்று ஆவணங்கள் வேண்டும். முதலாவது, வகுத்தல்கள் அனைத்தும் அடித்தல் திருத்தலோடு இருக்கும் செய்முறைக் குறிப்பேடு. இரண்டாவது, முடிவுகள் மட்டும் கொண்ட நான்கு பக்கத் தூய படி. மூன்றாவது, மாஜோங் தாள் எனப்படும் பெரிய தாளில் எழுதும் சுவர்த்தாள். முதல் முறை நாங்கள் குறிப்பேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் தூய படியை மட்டும் கொடுத்தோம். கோப்பு திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்களுக்கு ஆன செலவு: குறிப்பேடு 2 ரிங்கிட் 50 சென், மாஜோங் தாள் இரண்டு 1 ரிங்கிட் 60 சென், தடித்த எழுதுகோல்கள் இரண்டு 5 ரிங்கிட் 60 சென், நான்கு பக்கம் அச்சிட 1 ரிங்கிட் 20 சென், அவற்றுக்கு நெகிழி உறையிட 8 ரிங்கிட். மொத்தம் 18 ரிங்கிட் 90 சென். நெகிழி உறையைத் தவிர்த்திருக்கலாம். உறையிட்ட பிறகு ஒரு பிழை கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்துக்கு மீண்டும் முழுச் செலவு செய்ய வேண்டியிருக்கும் என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

3. சிறிய பகா எண்களை முதலில் முடியுங்கள்

எல்லாப் பண்புகளும் பகா காரணிகளிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே வகுத்திகளின் எண்ணிக்கை, வர்க்கங்கள் போன்ற கவர்ச்சியான பகுதிகளுக்கு முன்பே தாவிவிடாதீர்கள்.

கடைசி இலக்கம் 1 என்பதால் 2-ம் 5-ம் விலகுகின்றன. இலக்கங்களின் கூட்டுத்தொகை 34 என்பதால் 3-ம் 9-ம் விலகுகின்றன. அடுத்து வரும் 7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் சோதிக்கலாம். அவற்றின் பெருக்கற்பலன் 1001 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாறி மாறிக் கழித்துக் கூட்டினால் போதும். நம் எண்ணுக்கு 831 − 570 + 19 = 280. இந்த 280 ஆனது 7-ஆல் வகுபடுகிறது. 11-ஆல் வகுத்தால் மீதி 5, 13-ஆல் வகுத்தால் மீதி 7. மூல எண்ணுக்கும் இதே மீதிகள்தான். ஆகவே 7 ஒரு காரணி; 19 570 831 = 7 × 2 795 833.

4. எல்லையைக் குறைத்துக்கொண்டே போங்கள்

நாங்கள் அதிக நேரம் இழந்த இடம் இது. ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் மிகச் சிறிய பகா காரணி அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது என்பது பாடநூல் விதி. நம் எண்ணின் வர்க்கமூலம் 4423-க்கும் 4424-க்கும் இடையில் உள்ளது. எனவே 4423 வரையுள்ள அறுநூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று எண்ணி, சனிக்கிழமை இரவு 800-ஐத் தாண்டும் வரை வகுத்துக்கொண்டே இருந்தோம். அது தேவையே இல்லை.

ஒரு காரணி கிடைத்தவுடன் மூல எண்ணை மறந்துவிட்டு, மிஞ்சிய ஈவுக்கு மட்டும் புதிய வர்க்கமூலம் காண வேண்டும். 7-ஐ எடுத்த பின் மிஞ்சிய 2 795 833-இன் எல்லை 1672. முதலில் அதே 7-ஆல் மீண்டும் வகுத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரு காரணி இரண்டு முறை வரலாம். இங்கே மீதி 5 என்பதால் வரவில்லை. பிறகு 11 முதல் 53 வரையுள்ள பகா எண்கள் அனைத்தும் மீதி விடுகின்றன. 59-இல் மீதி இல்லை: 2 795 833 = 59 × 47 387. இப்போது எல்லை ஒரேயடியாக 217-க்கு இறங்கிவிடுகிறது, ஏனெனில் 217-இன் வர்க்கம் 47 089, 218-இன் வர்க்கம் 47 524.

இனி 59-இல் தொடங்கி (அதையும் இரண்டாம் முறை சோதிக்க வேண்டும்) 211 வரை மொத்தம் 31 பகா எண்களே எஞ்சியுள்ளன. 223 எல்லைக்கு அப்பால் இருப்பதால் வேண்டாம். நாற்பது நிமிட வேலை இது. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் பெர்ரியில் போகும் ஒரு பயணத்திலேயே ஏழெட்டு வகுத்தல்களை மகள் முடித்துவிட்டாள்.

ஒவ்வொரு வகுத்தலுக்கும் ஈவையும் மீதியையும் எழுதி வையுங்கள். 127-ஆல் வகுத்தால் ஈவு 373, மீதி 16. 211-ஆல் வகுத்தால் ஈவு 224, மீதி 123. இப்படி முழுப் பட்டியலும் இருந்தால்தான் 47 387 ஒரு பகா எண் என்பதற்கு அது சான்றாகும். "வகுபடவில்லை" என்று மட்டும் எழுதினால் ஏற்கமாட்டார்கள், ஏற்காதது நியாயமும்கூட.

இந்தப் பட்டியலை 11-இலிருந்தே எழுதினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 47 387-ஐ 19-ஆல் வகுத்தாலும், 29-ஆல் வகுத்தாலும், 43-ஆல் வகுத்தாலும் மீதி 1 வரும். எங்கோ தவறிவிட்டோம் என்று மகள் மூன்று முறை அழித்து எழுதினாள். தவறு எதுவும் இல்லை. ஒன்றைக் குறைத்தால் கிடைக்கும் 47 386 = 2 × 19 × 29 × 43. இந்த வரியைத் தூய படியின் ஓரத்தில் குறிப்பாகச் சேர்த்தோம். ஆசிரியை அதற்கு அருகில் மட்டும் ஒரு நட்சத்திரம் வரைந்திருந்தார்.

முடிவு: 19 570 831 = 7 × 59 × 47 387. ஒன்பதை நீக்கிச் சரிபாருங்கள். இலக்கங்களை ஓரிலக்கம் ஆகும் வரை கூட்டினால் காரணிகள் முறையே 7, 5, 2 ஆகின்றன. அவற்றின் பெருக்கற்பலன் 70, அதன் ஓரிலக்கம் 7. மூல எண்ணின் 34-உம் 7 ஆகிறது. இச்சோதனை பொருந்தாவிட்டால் பெருக்கல் நிச்சயம் தவறு. பொருந்தினால் மட்டுமே சரி என்று ஆகிவிடாது, ஏனெனில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிய பிழையை இச்சோதனை காட்டிக்கொடுக்காது.

5. வகுத்திகள்

மூன்று வெவ்வேறு பகா எண்கள் ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் வருவதால் வகுத்திகளின் எண்ணிக்கை 2 × 2 × 2 = 8. அவை 1, 7, 59, 413, 47 387, 331 709, 2 795 833, 19 570 831. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும், இரண்டாவதையும் கடைசிக்கு முந்தையதையும் என்று இணை இணையாகப் பெருக்கினால் ஒவ்வொரு முறையும் மூல எண்ணே வர வேண்டும்.

கூட்டுத்தொகைக்கு எட்டையும் கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பகா காரணியோடும் 1 சேர்த்துப் பெருக்கினால் போதும்: 8 × 60 × 47 388 = 22 746 240. இதிலிருந்து மூல எண்ணைக் கழித்தால் 3 175 409. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னைவிட மிகச் சிறியதாக இருப்பதால் இது குறைவெண் வகையைச் சேர்ந்தது. 6 = 1 + 2 + 3 என்பது போன்ற நிறைவெண் அன்று. இந்தச் சுருக்குவழி ஒரு காரணி இரண்டு முறை வரும் எண்ணுக்கு அப்படியே பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள். காரணி 7 இரண்டு முறை வந்திருந்தால் 8-க்குப் பதில் 1 + 7 + 49 = 57 என்று எடுக்க வேண்டும்.

6. பொதுக் காரணி இல்லாத எண்களை எண்ணுதல்

1 முதல் நம் எண் வரை, அதனோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது அடுத்த பண்பு. இது படிவம் ஒன்றின் பாடத்தில் இல்லை; ஆனாலும் சேர்த்தால் கோப்புக்கு எடை கூடும். பகா காரணி ஒவ்வொன்றிலும் 1 குறைத்துப் பெருக்குங்கள்: 6 × 58 × 47 386 = 16 490 328.

விடையை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். மூல எண்ணிலிருந்து 7, 59, 47 387 ஆகியவற்றின் மடங்குகளைக் கழியுங்கள். அவை முறையே 2 795 833, 331 709, 413 உள்ளன. இரண்டு முறை கழிபட்டவற்றைத் திரும்பக் கூட்டுங்கள். அவை 47 387, 59, 7. கடைசியாக 1-ஐக் கழியுங்கள். இரு வழிகளிலும் ஒரே விடை வந்தபோது இரவு பதினொரு மணிக்கு எங்கள் வீட்டில் கைதட்டல் எழுந்தது.

7. வர்க்கங்கள்

பண்பேட்டில் மிகச் சுவையான பக்கம் இதுதான். இதற்குத் தாராளமாக இடம் ஒதுக்குங்கள்.

ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1. இரட்டைப்படை எண்ணின் வர்க்கமானால் மீதி 0 அல்லது 4. ஆகவே மூன்று வர்க்கங்களைக் கூட்டும்போது 0, 1, 4 ஆகியவற்றில் மூன்றைத்தான் கூட்டுகிறோம். எப்படிக் கூட்டினாலும் 8-ஆல் வகுத்த மீதி 7 ஆக வருவதில்லை. பிள்ளையையே பத்துச் சேர்க்கைகளையும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் 831. அதை 8-ஆல் வகுத்தால் மீதி 7. எனவே 19 570 831-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவோ எழுதவே முடியாது. "தேடினோம், கிடைக்கவில்லை" என்பதற்கும் "முடியாது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்கு உணர்த்த இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நான்கு வர்க்கங்கள் எந்த முழு எண்ணுக்கும் போதும் என்று 1770-இல் கணித அறிஞர் லக்ராஞ்சு நிறுவியிருக்கிறார். அவற்றைக் கண்டுபிடிக்க, பெரியதிலிருந்து தொடங்குங்கள். 4423-இன் வர்க்கம் 19 562 929, மிச்சம் 7902. அடுத்துப் பெரிய வர்க்கமான 88-இன் வர்க்கத்தைக் கழித்தால் 158 மிஞ்சும். அதை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க முடியாது. பெரியதை எடுத்தே தீர வேண்டும் என்று அங்கேயே முட்டிக்கொள்ளாமல் ஒரு படி இறங்குங்கள். 87-இன் வர்க்கத்தைக் கழித்தால் 333 மிஞ்சும். அது 324 + 9. ஆக, 4423, 87, 18, 3 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் நம் எண் கிடைக்கிறது.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது எளிது. வகுத்தி இணை ஒன்றை எடுத்து, அவற்றின் கூட்டுத்தொகையில் பாதியையும் வித்தியாசத்தில் பாதியையும் காணுங்கள். 413, 47 387 என்ற இணையிலிருந்து 23 900, 23 487 கிடைக்கின்றன. 23 900-இன் வர்க்கம் 571 210 000; 23 487-இன் வர்க்கம் 551 639 169; கழித்தால் 19 570 831. நான்கு இணைகள் இருப்பதால் இப்படி நான்கு வழிகள் உண்டு. சுவர்த்தாளில் ஒன்றே போதும்.

8. விரைவாக முடிக்கக்கூடியவை

ஈரடிமான வடிவம் (0, 1 ஆகிய இலக்கங்களை மட்டும் கொண்டு எழுதுவது) 1 0010 1010 1010 0000 1000 1111. இருபத்தைந்து இலக்கங்கள், அவற்றில் பதினொன்று 1. கடைசி மூன்று இலக்கங்கள் 111 என்பது 7. மேலே 8-ஆல் வகுத்தபோது கண்ட மீதியோடு அது பொருந்துகிறது. அடுத்தடுத்த இரு எண்களின் கூட்டல்: 9 785 415 + 9 785 416. அடுத்தடுத்த ஏழு எண்களின் கூட்டல்: 2 795 830 முதல் 2 795 836 வரை. இலக்கங்களைத் திருப்பிப் போட்டுக் கழித்தால் 9-இன் மடங்கு வரும் என்பதையும் சேர்க்கலாம். ஆனால் அது எல்லா எண்களுக்கும் பொருந்துவது, இந்த எண்ணுக்கு மட்டும் உரிய சிறப்பு அன்று. அப்படிப்பட்டவற்றால் பக்கத்தை நிரப்பாதீர்கள்.

9. கருவிகளை எங்கே நம்பலாம்

கணிப்பானைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காசியோ அறிவியல் கணிப்பான்களில் சில மாதிரிகளில் பகா காரணி காணும் வசதி உண்டு. அதில் விடையின் ஒரு பகுதி அடைப்புக்குறிக்குள் தோன்றினால், அப்பகுதியைக் கணிப்பானால் மேலும் பிரிக்க முடியவில்லை என்று பொருள். அது பகா எண் என்று பொருளன்று.

எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். எட்டு இலக்க எண்ணுக்குத் தொல்லை இல்லை. பதினாறு இலக்க எண்ணை எடுத்த பிள்ளைகளுக்குக் கடைசி இலக்கம் அரவமின்றிச் சுழியமாகிவிடும். லினக்ஸ் கணினியில் ஃபேக்டர் என்ற கட்டளையும், பாரி ஜிபி என்ற மென்பொருளும் இலவசம். இத்தகைய எண்ணுக்குக் கண் இமைக்கும் நேரத்தில் விடை தரும். கைப்பேசியில் உரையாடும் செயலிகளிடம் கேட்டு அப்படியே எழுத வேண்டாம். அவை தவறான காரணிகளையும் அதே உறுதியோடு சொல்லும். காரணிகளை நீங்களே ஒரு முறை பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு பொறி: 2-ஐ ஓர் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து மீதி 1 வந்தால் அது பகா எண் என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். 341 இச்சோதனையில் தேறிவிடும். ஆனால் அது 11 × 31. ஆகவே இது பகா எண்ணுக்குச் சான்றாகாது.

10. மொழியும் ஒப்படைப்பும்

தமிழ்ப்பள்ளியில் பகா எண், காரணி, மடங்கு, வர்க்கம் என்று படித்த பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் அவையே நொம்போர் பெர்டானா, ஃபக்டோர், கண்டாஆன், குவாசா டுவா என்று வரும். வீட்டில் தமிழில் விளக்கிவிட்டுக் கோப்பை மலாயில் எழுதுவதென்றால், இந்தச் சொற்களை முதல் நாளே இணையாக எழுதி வையுங்கள். என் மகள் காரணி என்பதற்கும் மடங்கு என்பதற்கும் உரிய மலாய்ச் சொற்களை இரண்டு பக்கங்களில் மாற்றி எழுதிவிட்டாள். நெகிழி உறைக்கு நான் இரண்டாம் முறை பணம் கொடுத்தது அதனால்தான்.

நேரத்தை இப்படிப் பிரித்தோம்: முதல் மாலை ஒரு மணி நேரத்தில் படிகள் 1 முதல் 3 வரை; இரண்டாம் மாலை முழுவதும் படி 4; மூன்றாம் மாலை 5 முதல் 8 வரை; தூய படிக்கும் சுவர்த்தாளுக்கும் சனிக்கிழமை காலை. அச்சுக்கடைக்கு ஆகஸ்டு கடைசி வாரத்தில் போகாதீர்கள். மெர்டேக்கா அலங்கார வேலைகளால் நாங்கள் போன கடையில் வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. 31-ஆம் தேதி பொது விடுமுறை.

ஒப்படைக்கும் நாளில் செய்முறைக் குறிப்பேட்டைக் கோப்பின் அடியில் வைத்து அனுப்புங்கள். ஆசிரியை அதைத்தான் முதலில் எடுத்தார். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, 43-ஆல் வகுத்த வரியைக் கரும்பலகையில் செய்து காட்டச் சொன்னாராம். ஈவு 1102, மீதி 1 என்று எழுதிவிட்டு மகள் இருக்கைக்குத் திரும்பியிருக்கிறாள்.